ஓட்டுக் கூரையை மாற்ற எவ்வளவு ஆகும்? நீங்களே கணக்குப் போடலாம்

ஓட்டு வீட்டின் கூரையை மாற்ற நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது ஓட்டின் விலையைத்தான். கடையில் ஒரு ஓடு இவ்வளவு என்று சொல்கிறார்கள். எத்தனை ஓடு வேண்டும் என்று உத்தேசமாகப் பெருக்கிப் பார்த்தால், கையில் இருக்கும் பணத்துக்குள் அடங்கிவிடும் போலத் தெரியும். ஆனால் வேலை தொடங்கியதும் தொகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறும். மேஸ்திரி ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வரும். பல நேரங்களில் அவர்மேல் தப்பே இருக்காது. கூரையின் செலவில் ஓடு ஒரு சிறு பங்குதான். பெரிய செலவு ஓட்டுக்குக் கீழே, மரத்தில் இருக்கிறது. அது முன்கூட்டியே தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம்மூரில் சீமை ஓடு என்றும் மங்களூர் ஓடு என்றும் சொல்கிறோமே, ஒன்றோடு ஒன்று கவ்விக்கொள்ளும் அந்தத் தட்டை ஓடு போட்ட வீட்டைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1860-களில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பினர் மங்களூரில் ஆலை வைத்துச் செய்யத் தொடங்கிய ஓடு இது. தமிழ்நாட்டில் இன்றும் நிறைய ஓட்டுக் கூரைகள் இந்த வகைதான். அரைக் குழாய் போல வளைந்த நாட்டு ஓட்டுக்குக் கணக்கு வேறு. அது அடுக்கடுக்காகப் படுப்பதால் எண்ணிக்கை பல மடங்கு கூடும். போடத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன.

முதலில் பரப்பு

செலவுக் கணக்கில் முதல் பிசகு அளவில்தான் வருகிறது. "எங்க வீடு 600 சதுர அடி" என்று சொல்லி 600-ஐ வைத்துக் கணக்குப் போடுகிறோம். அது தரையின் அளவு. கூரை அதைவிடப் பெரியது, அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை.

வீடு 20 அடி அகலம், 30 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் சுவரைத் தாண்டி 2 அடி கூரை நீட்டிக்கொண்டிருக்கும். சாரல் சுவரில் அடிக்காமல் இருக்க அது வேண்டும். ஆக, மேலிருந்து பார்த்தால் கூரை 24 அடிக்கு 34 அடி, அதாவது 816 சதுர அடி. கூரை சரிந்து இருப்பதால் உண்மையான பரப்பு இன்னும் கூடும். சரிவு 30 பாகை என்றால் 816-ஐ 1.155-ஆல் பெருக்க வேண்டும். வருவது சுமார் 942 சதுர அடி. வீட்டுப் பத்திரத்தில் 600 என்றிருப்பது கூரையில் 942 ஆகிவிட்டது. ஒன்றரை மடங்குக்கும் மேல்!

சரிவு 25 பாகை என்றால் 1.10, 35 என்றால் 1.22, நல்ல சரிவாக 45 பாகை என்றால் 1.41 என்று பெருக்கிக்கொள்ளலாம். பாகையெல்லாம் எதற்கு என்று தோன்றினால், ஒரு ஆளை ஏணியில் ஏற்றி முகட்டிலிருந்து கூரையின் கீழ் விளிம்பு வரை டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். இரு பக்கச் சரிவுகளையும் கூட்டி, கூரையின் நீளத்தால் பெருக்கினால் போதும்.

இரண்டு பக்கம் சரியும் கூரைக்கும் நான்கு பக்கம் சரியும் கூரைக்கும் பரப்பில் வித்தியாசம் இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சரிவும் விளிம்பளவும் ஒன்றாக இருந்தால் இரண்டுக்கும் பரப்பு ஒன்றே. கூடுவது வேறு செலவு. நான்கு பக்கக் கூரையில் மூலைகளில் ஓடுகளை வெட்ட வேண்டும், வெட்டும்போது உடையும், முகட்டை மூடப் போடும் முகட்டு ஓடு மூலைக்கும் வேண்டும், தச்சு வேலையும் கூடுதல். நடுவில் முற்றம் வைத்த வீடு என்றால் இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் கூடல்வாய்கள் வரும். அங்கே தண்ணீர் சேர்ந்து ஓடுவதால் அடியில் தகடு போட்டாக வேண்டும். ஓட்டு வீடுகளில் ஒழுகல் முதலில் தலைகாட்டும் இடங்களில் கூடல்வாயும் ஒன்று. அங்கே மட்டும் காசைச் சுருக்காதீர்கள்.

ஓட்டுக் கணக்கும் மரக் கணக்கும்

சீமை ஓட்டில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 போகும். நம்முடைய 942 சதுர அடி என்பது 87 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் 1,310 ஓடு போல வரும். ஏற்றி இறக்குவதில் உடைவது, விளிம்பில் வெட்டுவது எல்லாம் சேர்த்து 1,400 என்று வைத்துக்கொள்ளலாம். முகட்டு ஓடு தனி. 34 அடி முகட்டுக்கு முப்பதுக்குச் சற்று மேல் வாங்கி வைப்பது நல்லது.

இப்போது கீழே பார்ப்போம். முகட்டில் நீளவாக்கில் கிடப்பது முகட்டு வளை. அதிலிருந்து இரண்டு பக்கமும் சுவரை நோக்கி இறங்குபவை கைமரங்கள். கைமரங்களின் மேல் குறுக்கே அடித்திருக்கும் மெல்லிய சட்டங்கள்தான் ரீப்பர். ஓடு உட்காருவது ரீப்பரில். கைமரத்தின் கீழ்ப்பக்கம் தாங்கச் சுவரின் தலையில் ஒரு மரம் கிடக்கும். தெற்கே பல பழைய வீடுகளில் பனங்கைதான் கைமரம். வைரம் பாய்ந்த பனை என்றால் தலைமுறைகள் தாண்டியும் நிற்கும்.

மரத்தைக் கன அடியில் விற்கிறார்கள். நம்முடைய கூரையில் சரிவின் நீளம் ஏறக்குறைய 14 அடி. 2 அடிக்கு ஒன்று என்றால் 34 அடிக்கு 18 ஜோடி, அதாவது 36 கைமரம். 4 அங்குலத்துக்கு 2½ அங்குலச் சட்டம் என்றால் இதற்கு மட்டும் 35 கன அடி. ரீப்பர் ஓட்டின் அளவுக்கு ஏற்பச் சுமார் 32 சென்டிமீட்டருக்கு ஒன்று அடிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 14 வரிசை, இரண்டு பக்கமும் சேர்த்து 950 அடி ஓட்டம். 2 அங்குலத்துக்கு 1 அங்குலம் என்றால் 13 கன அடி. முகட்டு வளையும் சுவர்த்தலை மரங்களும் சேர்ந்து ஒரு 10 கன அடி. ஆக மொத்தம் 58 கன அடி.

கணக்குப் புரிவதற்காக ஓடு ஒன்று 40 ரூபாய், அறுத்த மரம் கன அடி 2,000 ரூபாய் என்று போட்டுப் பார்ப்போம். இவை உதாரணத்துக்கு எடுத்த எண்கள்தான். உங்கள் ஊர் விலையை விசாரித்து இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுக்கு 56,000 ரூபாய். மரத்துக்கு 1,16,000 ரூபாய், ஓட்டைப் போல இரண்டு மடங்கு. இன்னும் ஆணி, தச்சர் கூலி, ஓடு பிரித்து இறக்கும் கூலி, ஏற்றிப் போடும் கூலி, முகட்டுக் கலவை, கரையான் மருந்து எதுவும் சேரவில்லை. தேக்கு கேட்டால் மரத்தின் தொகை எங்கோ போய்விடும். வேம்பும் தென்னையும் மலிவு. ஆனால் தென்னையில் நன்றாக முற்றிய அடிமரத்தின் வெளிப்பகுதியைப் பார்த்து எடுக்க வேண்டும், இளம் பகுதி உளுத்துப் போகும்.

மரக்கடையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சொல்லும் விலை அறுத்த சட்டத்துக்கா, உருட்டு மரத்துக்கா என்று கேளுங்கள். உருட்டு மரத்தில் அறுக்கும்போது தூளாகவும் சிராயாகவும் போவது உங்கள் கணக்கில் போகும். அறுவைக் கூலியும் தனி.

எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒழுகுகிறது என்பதற்காகக் கூரை முழுவதையும் மாற்றத் தேவையில்லை. ஓட்டுக் கூரையின் பெருமையே, எந்த ஓடு கெட்டதோ அதை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதுதான். ஆகவே ஆள் கூப்பிடுவதற்கு முன் நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நல்ல வெயில் நேரத்தில் உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். எங்கெல்லாம் புள்ளியாக வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் ஓடு விலகியோ விரிசல் விட்டோ இருக்கிறது. இதற்குச் சில ஓடும் ஒரு நாள் கூலியும் போதும். அப்புறம் தெருவில் தள்ளி நின்று முகட்டைப் பாருங்கள். நேர்கோடாக இருந்தால் நல்லது. நடுவில் தொய்ந்து தெரிந்தால் பிரச்சினை மரத்தில், புது ஓடு போட்டுத் தீராது. கடைசியாக, ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கைமரம் சுவரில் உட்காரும் நுனியைக் குத்திப் பாருங்கள். சுவரின் ஈரமும் கரையானும் சேரும் இடம் அதுதான். நடுவில் கல் மாதிரி இருக்கும் மரம் நுனியில் மண்ணாக உதிரும். ஓட்டையும் விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் அது இன்னும் உழைக்கும். மந்தமாகக் கேட்டால், மேல்தோல் உரிந்து பொடிந்தால், மாற்றிவிடலாம்.

இந்தச் சோதனையின் முடிவைப் பொறுத்துச் செலவு தலைகீழாக மாறும். கைமரம் திடமாக இருந்து ரீப்பர் மட்டும் போயிருந்தால், மேலே போட்ட உதாரண விலையில் மரச் செலவு 26,000 ரூபாய்தான். பழைய ஓட்டில் பாதிக்கு மேல் மீண்டும் ஏறிவிடும். நுனி மட்டும் உளுத்த கைமரத்துக்கு, நல்ல தச்சர் கெட்டதை வெட்டிவிட்டுப் புதுத் துண்டை ஒட்டவைத்து போல்ட் போட்டுத் தருவார். முழுசாக மாற்றுவதில் கூலி கூடுதல் என்பதால் சிலர் இந்த யோசனையைச் சொல்லவே மாட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டும்.

பழைய ஓட்டோடு புது ஓட்டைக் கலப்பதில் ஒரு சிக்கல். எல்லா சீமை ஓடும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், ஆலைக்கு ஆலை நீளமும் பள்ளமும் கொஞ்சம் மாறும். ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்று உட்காராவிட்டால் எத்தனை முறை போட்டாலும் ஒழுகும். ஓட்டின் மேல் ஆலையின் பெயர் அச்சடித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் இடங்களில் அதே ஓட்டைத் தேடுங்கள். அகப்படாவிட்டால் ஒரு பக்கச் சரிவு முழுக்கப் பழசு, மறுபக்கம் முழுக்கப் புதுசு என்று பிரித்துப் போடலாம். ரீப்பர் இடைவெளியை அந்தந்த ஓட்டுக்கு ஏற்ப அடித்தால் பிரச்சினை வராது.

இரும்பு, ஷீட், தளம்

மரத்தின் விலையைக் கேட்டு மலைத்தவர்கள் அடுத்துப் போவது இரும்புச் சட்டத்துக்கு. பைப்பில் சட்டம் கட்டி அதன்மேல் ஓட்டைப் போடுவது நல்ல வழிதான். கரையான் கவலை இல்லை. இரும்பைக் கிலோவில் விற்பதால் கனம்தான் விலை. இதில்தான் வேலைக்காரர்கள் எழுதித் தரும் விலைப்புள்ளிகள் (கொட்டேஷன்) மயக்கும். 50-க்கு 50 மி.மீ. சதுரப் பைப் 2 மி.மீ. கனத்தில் மீட்டருக்குச் சுமார் 3 கிலோ. அதே பைப் 1.6 மி.மீ. என்றால் 2.4 கிலோ. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு குறைந்துவிட்டது. "50-க்கு 50 பைப்" என்று மட்டும் எழுதிய விலைப்புள்ளியை வாங்காதீர்கள், கனத்தையும் எழுதச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம், பைப்பைக் குறைப்பதற்காகச் சரிவைப் படுக்கவைத்துவிடுவார்கள். சரிவு 25 பாகைக்குக் கீழே போனால் சீமை ஓட்டில் காற்றோடு வரும் மழை ஏறி உள்ளே விழும். மிச்சம் பிடித்த பணம் முதல் ஐப்பசியிலேயே போய்விடும்.

கலர் ஷீட் எல்லாவற்றையும்விட வேகம். சீக்கிரம் முடியும், கூலி குறைவு, எடையும் மிகக் குறைவு. அரை மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோவைத் தாண்டாது, ஓடு 40 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். தகட்டிலும் கனம்தான் விலை. 0.35 மி.மீ. தகட்டையும் 0.50 மி.மீ. தகட்டையும் ஒரே பெயரில் விற்பார்கள். மூன்றரை அடி அகலத் தகட்டை மேலடுக்கு விட்டுப் போடும்போது மூடுவது சுமார் மூன்றேகால் அடிதான். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் மலிவாக வாங்கினால் சில வருஷத்தில் காய்ந்து வெடித்து, ஒவ்வொரு துளையும் ஒழுகும். என் கருத்தைக் கேட்டால், ஆட்கள் வசிக்கும் அறைக்கு வெறும் ஷீட் வேண்டாம். சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியாது, மழையில் பேச்சே கேட்காது. வெப்பத்தைத் தடுக்க அடியில் சீலிங் போட்டால் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் ஓட்டோடு ஒப்பிட வேண்டும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எடுப்பவர்கள் தயவுசெய்து அதை உடைக்காதீர்கள், வெட்டாதீர்கள். அதன் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்க வேண்டும்.

"இவ்வளவு செலவு செய்வதற்கு ஓட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் தளமே போட்டுவிடலாமே" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். 5 அங்குலத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் கனக்கும், ஓட்டைப் போல ஏழெட்டு மடங்கு. மண் சாந்தில் கட்டிய பழைய சுவரும் ஆழமில்லாத அடிமானமும் அதைத் தாங்காது. தூண் எழுப்ப வேண்டும், அடிமானம் தோண்ட வேண்டும். அது புது வீடு கட்டும் செலவு. அதற்கான பணமும் எண்ணமும் இருந்தால் செய்யலாம், கூரை மாற்றும் செலவோடு அதை ஒப்பிடக் கூடாது. ஒரு பொறியாளரிடம் சுவரைக் காட்டாமல் தளம் போட ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

விலைப்புள்ளியைப் படிப்பது

இரண்டு மூன்று பேரிடம் கேட்போம். ஒருவர் சதுர அடிக்கு 350 என்கிறார், இன்னொருவர் 250 என்கிறார். இரண்டாமவர் மலிவு என்று தோன்றும். முதலாமவர் தரை அளவில் சொல்லியிருந்தால் 600-க்கு 2,10,000 ரூபாய். இரண்டாமவர் கூரை அளவில் சொல்லியிருந்தால் 942-க்கு 2,35,500 ரூபாய். எந்தப் பரப்பு என்று கேட்காமல் சதுர அடி விலையை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. மொத்தத் தொகையாக, பொருள் தனி, கூலி தனி என்று எழுதி வாங்குவதுதான் சரி.

அடுத்தது, பழைய சாமான் யாருக்கு? பழைய தேக்குக் கைமரத்துக்கும் உத்திரத்துக்கும் நல்ல விலை உண்டு. காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு மரத்துக்கென்றே கடைகள் இருக்கின்றன. "கழிவை நாங்களே அள்ளிக்கொள்கிறோம்" என்று ஒருவர் விலையைக் குறைத்துச் சொன்னால், அந்தக் கழிவில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

அப்புறம், எவ்வளவு அனுபவம் உள்ள தச்சராலும் ஓட்டைப் பிரிக்காமல் எல்லா மரத்தின் நிலையையும் சொல்ல முடியாது. பிரித்த பிறகு "இன்னும் எட்டுக் கைமரம் போயிருக்கிறது" என்பார். அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். கூரை திறந்து கிடக்கும்போது பேரம் பேச உங்களுக்குத் தெம்பு இருக்காது. ஆகவே கூடுதலாக ஒரு கைமரம் மாற்ற இவ்வளவு, பத்தடி ரீப்பருக்கு இவ்வளவு என்று வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மொத்தத்தில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். சுவர்த்தலை பூசுவது, ஒயரிங்கை மாற்றி அடிப்பது, மின்விசிறிக் கொக்கி, தார்ப்பாய் வாடகை, சில நாள் வேறு இடத்தில் தங்குவது எல்லாம் இதிலிருந்துதான் போகும்.

காலமும் விலைதான். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில் மாசியிலிருந்து ஆனிக்குள் முடிப்பது நல்லது. புரட்டாசியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒழுகல் ஞாபகம் வரும், ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் கூலி ஏறும். கன்னியாகுமரி, தென்காசிப் பக்கம் வைகாசிக் கடைசியிலிருந்தே தென்மேற்கு மழையையும் பார்க்க வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொரு செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் ஓடும் ஷீட்டும் பறந்த வீடுகள் ஏராளம். காற்று கூரையை மேல்நோக்கித் தூக்கும், அதிலும் விளிம்பைத்தான் முதலில் பிடிக்கும். பல ஓடுகளின் அடியில் கம்பி கோக்கத் துளை இருக்கும். விளிம்பு வரிசைகளையாவது ரீப்பரோடு கம்பியால் கட்டச் சொல்லுங்கள். கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைப்பதும் பெரிய செலவில்லை. கூரை பிரித்திருக்கும்போது செய்தால் சில ஆயிரத்தில் முடியும், பிறகு செய்ய நினைத்தால் மறுபடி பிரிக்க வேண்டும்.

மேலே ஏறுபவர்களின் பாதுகாப்புக்கும் விலைப்புள்ளியில் ஒரு வரி இருக்கட்டும். உளுத்த ரீப்பரிலும் பழைய சிமெண்ட் ஷீட்டிலும் கால் வைத்து உள்ளே விழுவது அடிக்கடி நடக்கிறது. நடக்கப் பலகை, இடுப்புக் கயிறு இரண்டுக்கும் ஆகும் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு, அவை இல்லாமல் யாரும் ஏறக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். முன்பணத்தை அளவாகக் கொடுங்கள், மரம் இறங்கியதும் ஒரு பங்கு, ஓடு ஏறியதும் ஒரு பங்கு, ஒரு நல்ல மழை பெய்து பார்த்த பிறகு கடைசிப் பங்கு.

வேலை முடிந்ததும் மீந்த ஓட்டைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்க ஆசை வரும். ஐம்பது ஓடும் நாலைந்து முகட்டு ஓடும் கொல்லையில் அடுக்கி வையுங்கள். அடுத்த முறை தேங்காய் விழுந்து ஒன்று உடையும்போது, அதே ஆலை ஓட்டைத் தேடி அலைய வேண்டியிருக்காது.